வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினி, அதாவது பூச்சிமருந்து, குளத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் எத்தனை நாள் என்பதற்கு முன்னால், அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் வன்னிக்காரன். மலேரியா நுளம்புக்கு டிடிடி என்ற பூச்சிமருந்து அடிக்க ஆட்கள் வந்த காலத்தை அம்மம்மா சொல்லுவா. பானை சட்டியெல்லாம் முற்றத்துக்குப் போய்விடுமாம், மண்சுவரில் மருந்து வெள்ளையாகப் படிந்து கிடக்குமாம். அந்தச் சுவர்கள் மாரி மழையில் கரைந்தபோது ஒரு பங்கு வாய்க்கால் வழியே குளத்துக்கும் வந்திருக்கும். டிடிடிக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீரையும், எண்ணெய்த்தன்மையுள்ள ஒக்டனோலையும் சேர்த்து வைத்தால், தண்ணீரில் இருப்பதைப்போல் 10 லட்சம் மடங்குக்கு மேல் ஒக்டனோலில் போய்ச் சேரும். குளத்தில் ஒக்டனோல் இல்லை. அடிச்சேறும் விராலின் கொழுப்பும்தான் இருக்கின்றன.

ஓரிடத்தை விட்டு வெளியேறத் துடிக்கும் இந்தப் போக்குக்குப் ‘பியுகாசிட்டி’ என்று பெயர். டொனால்ட் மக்கே என்ற வேதிப் பொறியியலாளர் 1979இல் இதைச் சூழல் கணக்குக்குக் கொண்டுவந்தார். காற்று, தண்ணீர், மண், சேறு என்று சூழலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, எதில் எவ்வளவு தங்கும், எதில் எவ்வளவு வேகமாகச் சிதையும் என்று பார்ப்பார்கள்.

ஒரு கற்பனை மருந்தை எடுப்போம். தண்ணீரில் 20 நாளில் பாதியாகும், சேற்றில் பாதியாக 2 வருடம் எடுக்கும். நூற்றில் ஐம்பது பங்கு தண்ணீரிலேயே நின்றால் மொத்தமும் 40 நாளுக்குள் பாதியாகிவிடும். நூற்றில் ஒரு பங்குதான் தண்ணீரில், மிச்சம் 99 சேற்றில் என்றால்? ஏறக்குறைய ஒன்றரை வருடம். மருந்து அதேதான், சிதையும் வேகமும் அதேதான். போத்தலில் ‘20 நாள்’ என்று மட்டும் எழுதினால் விவசாயியை ஏமாற்றுவதாகவே எனக்குப் படும்.

தூரக் கணக்கு இதைவிட எளிது. காற்று வினாடிக்கு 4 மீற்றர் வீசினால் ஒரு நாளில் 345 கிலோமீற்றர். காற்றில் பாதியாக 2 நாளுக்கு மேல் எடுத்தால் நெடுந்தூரம் போகக்கூடியது என்பது, எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று. இரண்டு நாளில் கிளிநொச்சியிலிருந்து சென்னையையும் தாண்டிவிடும். வெயிலில் ஆவியாகி, குளிரில் படிந்து, தத்துக்கிளிபோல் தாவித் தாவித்தான் டிடிடி போன்றவை துருவம் வரை போயின.

சரி, நம் குளத்துக்கு வருவோம். இந்தப் பெட்டிக் கணக்கின் எளிய வடிவங்கள் தண்ணீரின் அளவு மாறாது என்று வைத்துக்கொள்ளும். மார்கழியில் வான் பாயும் சிறுகுளம் ஆவணியில் வெடித்துக் கிடக்கும், மாடு மேயும். சேறு என்று கணக்கிட்ட பெட்டி அப்போது மண் ஆகிவிடுகிறது; வெயிலும் காற்றும் நேரே படுகின்றன. அதனால் மாதா மாதம் பெட்டியின் அளவை மாற்றித்தான் ஓட்ட வேண்டும். அதற்கு வேண்டியது துருசடியில், அதாவது குளத்து மதகடியில், நிற்கும் அளவுகோலைப் பார்த்து எழுதும் நீர்மட்ட அடிக்கணக்கு. அதை முதலில் வாங்குங்கள். அப்புறம் ஒரு போத்தல் தண்ணீரோடு நிற்காமல், குளத்தின் ஆழமான இடத்திலிருந்து ஒரு பிடி சேறும் எடுங்கள்.