மகளுக்கு எழுதுகிறேன், பதில்தான் வருவதில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 48. ஒரே மகள். வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கிளம்பிப் போனதிலிருந்து மாதம் ஒரு கடிதம் கைப்பட எழுதி அனுப்பி வருகிறேன். நான்கு பக்கம் வரும், சில மாதங்களில் ஆறு. போனில் தினமும் பேசத்தான் செய்கிறோம். ஆனால் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு நகர்வதில்லை. பேனாவைக் கையில் எடுத்தால்தான் எனக்குப் பேச்சே வருகிறது.

அவளிடமிருந்து இதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை. என் கடிதம் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் "வந்தது அம்மா, படித்தேன்" என்று ஒரு வரி, கூடவே ஒரு சிவப்பு இதயம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதியதற்கு இவ்வளவுதானா என்று மனம் சுருங்கிப்போகிறது. நடுவில் ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் எழுதவில்லை. "என்ன அம்மா, தபால்காரர் லீவா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாமே கிண்டல்தான்.

என் கணவர் அவளுக்கும் மேல். டென்மார்க்கில் தபால் நிறுவனமே கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது என்ற செய்தியைக் காட்டி, "நீ மட்டும் இன்னும் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறாய்" என்கிறார்.

போன வாரம் கோபம் தாங்காமல், "இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்" என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டி, முகவரியும் எழுதியாகிவிட்டது. கைப்பையில் கிடக்கிறது. தபால் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை அதைத் தேடுகிறது. போடட்டுமா, வேண்டாமா? பெற்ற பிள்ளையிடம் ஒரு பதில் கடிதம் எதிர்பார்ப்பது பேராசையா?

அனுப்புவதற்கு முன் கடிதங்களைப் போனில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். சென்ற மாதக் கடிதத்தின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கைப்பையில் இருக்கும் அந்த உறை. அதைத் தபாலில் போடாதீர்கள், கிழித்தும் எறியாதீர்கள். 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த சில நாட்களில், அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் தன் தளபதி மீடுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோற்று ஓடிய எதிரிப் படையை விரட்டிப் பிடிக்காமல் தப்பவிட்டாரே என்ற ஆத்திரம் அதில் நிறைந்திருந்தது. எழுதி முடித்தவர் அதை அனுப்பவில்லை. அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை என்று உறையின் மேல் குறித்து எடுத்து வைத்துவிட்டார். மீடு உள்நாட்டுப் போர் முடியும்வரை அதே படைக்குத் தலைமை வகித்தார். உங்கள் மூன்று பக்கங்களும் எழுதப்பட வேண்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் அவற்றைப் படிக்க வேண்டியவர் நீங்கள். ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் படியுங்கள். உங்களுக்கு என்ன வலிக்கிறது என்பது என்னைவிட அந்தக் கடிதத்துக்கு நன்றாகத் தெரியும்.

இனி, நீங்கள் அனுப்பிய படங்கள். இரண்டு முறை படித்தேன். உங்கள் கையெழுத்து அழகானது, அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆனால் முதல் இரண்டு பக்கங்களும் அறிவுரை. நேரத்துக்குத் தூங்கு, கண்ணைப் பார்த்துக்கொள், யாரிடமும் கடன் வாங்காதே. இவை போனிலேயே சொல்லக்கூடியவை, சொல்லியும் இருப்பீர்கள். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியை அடித்திருக்கிறீர்கள். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறது: "சாயங்காலம் ஆறு மணியானால் கேட் திறக்கும் சத்தத்துக்குக் காது போய்விடுகிறது." அதற்கு அடுத்த வரி, "தேர்வுக்கு ஒழுங்காகப் படி."

என்னைக் கேட்டால், அந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதியதே அந்த ஒரு வரிதான். மற்றவை அதைச் சுற்றி எழுப்பிய மதில்.

கைப்பட எழுதும் கடிதத்துக்கு இன்னும் மவுசு குறையாததற்கு நான் காணும் காரணமும் இதுவே. போனில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டு, மனம் மாறினால் அழித்துவிடலாம், தயங்கிய தடம்கூட மிஞ்சாது. தாளில் அது முடியாது. எங்கே பேனா நின்றது, எந்தச் சொல்லை எழுதி அடித்தீர்கள், எந்த இடத்தில் எழுத்து அவசரமாகச் சாய்ந்தது, எல்லாம் அப்படியே அஞ்சலில் ஏறிப் போய்விடுகிறது. சொல்ல வந்ததோடு, சொல்லாமல் விட நினைத்ததும் சேர்ந்தே போகிறது. உங்கள் மகள் அந்த அடித்த வரியைத் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். பத்தொன்பது இருபது வயதுப் பெண் அதற்கு என்னவென்று பதில் எழுதுவாள்? ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பாள்.

அவளுடைய மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நன்றிக் கடிதம் எழுதுவதைப் பற்றி அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரு உளவியலாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எழுதியவர்கள், படிப்பவருக்கு ஏற்படும் மகிழ்ச்சியைக் குறைத்தே கணித்தார்கள். அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்ற பயமோ தேவைக்கு மேல் இருந்தது. சொற்கள் சரியாக அமைந்தனவா என்ற கவலை எழுதுபவருக்கு. பெறுபவர் பார்த்ததோ அதிலிருந்த அன்பை. அந்த ஆய்வுக் கடிதங்கள் மின்னஞ்சலில் போனவைதான், ஆனாலும் விஷயம் இங்கே பொருந்துகிறது. நான்கு பக்க அழகான கையெழுத்தைப் பார்க்கும் பெண், இதற்கு ஈடாக நான் என்ன எழுதிவிட முடியும் என்று பேனாவை மூடிவைப்பது இயல்பு. அவள் ஏறவேண்டிய படியை நீங்களே உயரமாகக் கட்டிவிட்டீர்கள்.

"தபால்காரர் லீவா?" என்பதைக் கிண்டல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுவதிலும் முக்கியமாகப் பட்டது அதுதான். வராத கடிதத்தை யார் கவனிப்பார்? எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்தானே! கேலி செய்தாவது கேட்டிருக்கிறாள்.

உங்கள் கணவர் காட்டிய செய்தி உண்மைதான். டென்மார்க்கில் 1624-இல் தொடங்கிய அஞ்சல் சேவை, 2025 இறுதியோடு கடிதம் கொண்டு கொடுப்பதை விட்டுவிட்டது. 2000-க்குப் பின் அங்கே கடிதங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோயின. அரசு அலுவலகக் கடிதங்களே 2014-இலிருந்து மின்னணுப் பெட்டிக்குப் போய்விட்டன. ஆனால் ஆசைப்பட்டால் அங்கேயும் தனியார் நிறுவனம் வழியாகக் கடிதம் அனுப்பலாம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். கட்டாயத்தால் வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றுபோனால் மிஞ்சுவது மனமிருந்து எழுதுபவை மட்டுமே. இதில் கடிதத்துக்கு என்ன நஷ்டம்?

கையால் எழுதினால் மூளை கூடுதலாக வேலை செய்கிறது என்று அவரிடம் வாதாடப் போகாதீர்கள். 2024-இல் நார்வேயிலிருந்து வெளிவந்த அப்படியோர் ஆய்வு பிரபலமானது. அதில் மாணவர்கள் எழுதியவை தனித்தனிச் சொற்கள், மகளுக்குக் கடிதம் அல்ல. உங்களுக்கு அந்த வக்காலத்து தேவையுமில்லை.

பேராசையா என்று கேட்டிருந்தீர்கள். பதிலை எதிர்பார்ப்பது பேராசை அல்ல. ஆனால் அது தாளில்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை உங்களுடையது, அவளுடையது அல்ல. அவள் அந்த விளையாட்டுக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. அடுத்த முறை ஒரே பக்கம் எழுதுங்கள். அறிவுரையைப் போனுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஆறு மணிக் கேட் சத்தத்தை அடிக்காமல் எழுதுங்கள், ஆனால் அதற்கு அவளைப் பொறுப்பாக்காமல் எழுதுங்கள். "நீ போனதால்தான் இப்படி" என்ற தொனி நுழைந்தால் அது மறுபடியும் சம்மனாகிவிடும். அவள் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வி இருக்கட்டும், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது என்பதுபோல. பதில் குரல் பதிவாக வந்தாலும், ஜன்னலின் புகைப்படமாக வந்தாலும் அதைப் பதில் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு மணியைப் பற்றித் தனியே ஒன்று. பிள்ளை வெளியூர் போனபின் வீடு வெறிச்சோடுவது எல்லோருக்கும் நேர்வது. ஆனால் அந்த நேரம் நீண்டு இரவுத் தூக்கத்தைத் தின்னத் தொடங்கினாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் வாரங்கள் கடந்தாலோ, கடிதத்தை நம்பி இருக்காமல் அருகில் உள்ள ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். நீங்கள் மகளுக்கு மட்டும்தான் எழுதுகிறீர்களா என்றும் யோசியுங்கள். பழைய தோழி ஒருத்திக்கு எழுதினால், ஒருத்தியின் பதிலுக்காகவே மாதம் முழுவதும் காத்திருக்கும் பாரம் கொஞ்சம் குறையும்.

ஸ்டாம்பைப் பற்றிப் பேசும் உங்கள் கணவரிடம், அடுத்த கடிதத்தின் கடைசியில் நான்கு வரி எழுத இடம் விட்டுக் கொடுங்கள். எனக்கு இதெல்லாம் வராது என்பார். பேனாவைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்