டைல்ஸ் மேல் தூண் நிறுத்த வேண்டாம்

வணக்கம் சகோ. கடலூரில் பின்வாசலுக்கு 12-க்கு 10 அடி ஷீட் கூரை. டைல்ஸ் மேலேயே பேஸ் பிளேட் (தூணின் அடியில் வரும் இரும்புத் தகடு) வைத்து போல்ட் அடிக்கலாம் என்கிறார் வெல்டர், சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கம் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும். ஷீட்டின் எடையைத் தாங்குவது பெரிய விஷயமே இல்லை, பறக்காமல் பிடித்து வைப்பதுதான் தூணின் வேலை. 2011 டிசம்பரில் வந்த ‘தானே’ புயலை உங்கள் ஊர் மறந்திருக்காது. டைல்ஸை வெட்டி, ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டரை அடி ஆழம் குழி எடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட்டிலேயே போல்ட்டைப் பதிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகுவதற்கு ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகே தூண் ஏறட்டும். அவசரத்தில் பலரும் விழுங்குவது இந்த ஒரு வாரத்தைத்தான். தோண்டும் முன் செப்டிக் டேங்க் பைப் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று ஊர் என்பதால் ஜிஐ பைப்தான் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) நல்லது. வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்காமல் ஷீட்டை ஏற்ற விடாதீர்கள். சரிவு 10 அடிக்கு ஒரு அடி போதும்.

வீட்டுச் சுவரின் கனம் ஒன்பது இஞ்ச்சா, நாலரையா? எழுதுங்கள், அந்தப் பக்கம் எப்படிப் பிடிமானம் கொடுப்பது என்று சொல்கிறேன்.