ஒரே படம், மூன்று அடுக்கு

கேள்வி: நாங்கள் ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துச் சேமிக்கும் சிறு குழு. இதுவரை 40,000 படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 50 எம்.பி. ஊர்வாரியாக, பொருள்வாரியாக, தந்தவர் வாரியாக என்று ஒரே படத்தை மூன்று ஃபோல்டர்களில் காப்பி செய்து வைத்திருக்கிறோம். லினக்ஸ் சர்வரில் 8 டிபி டிஸ்க் நிரம்பப் போகிறது. வேறு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 2 டிபி படங்களுக்கு 6 டிபி போயிருக்கிறது. இடத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரு படத்தைத் திருப்பி, ஓரம் வெட்டிச் சரிசெய்தால் மூன்று காப்பியிலும் செய்கிறீர்களா? ஒன்று விட்டுப்போனாலும், எது சரியான படம் என்று அடுத்த வருடம் யாராலும் சொல்ல முடியாது.

லினக்ஸில் ஃபைல் வேறு, அதன் பெயர் வேறு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்று ஓர் எண் உண்டு. ஃபோல்டர் என்பது பெயரையும் எண்ணையும் சேர்த்து எழுதிய பட்டியல்தான். வீட்டில் கூப்பிடும் பெயரும் ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஒரே ஆளுக்கு இருக்கிற மாதிரி, ஓர் எண்ணுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். இதுதான் ஹார்டு லிங்க். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு ஃபைலுக்கு 65,000 பெயர்கள் வரை வைக்கலாம். ஒரு பெயரை அழித்தால் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகும், அவ்வளவுதான். கடைசிப் பெயரும் போனால்தான் படம் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஹார்டு லிங்க் ஒரே பார்ட்டிஷனுக்குள், அதாவது டிஸ்க்கின் ஒரே பகுதிக்குள்தான் செல்லும். அப்புறம், சில எடிட்டர்கள் புதிய ஃபைல் எழுதி, பழைய பெயரை அதற்கு மாற்றிவிடும். லிங்க் சத்தமில்லாமல் அறுந்துவிடும். அதனால் ஃபைலுக்கு மட்டும் எழுதும் அனுமதியை எடுத்தால் போதாது, ஃபோல்டருக்கும் எடுங்கள்.

1983இல் 4.2பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்போடு வந்த சிம்லிங்க் வேறு வகை. அது ஃபைல் இருக்கும் வழியை மட்டும் எழுதி வைத்த சீட்டு. பார்ட்டிஷன் தாண்டும், ஃபோல்டரையும் சுட்டும். ஆனால் ஃபைல் இடம் மாறினால் சீட்டு செல்லாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் படங்களைச் சிம்லிங்க்குகளால் பிரித்து வைத்திருந்தோம். அவை சுட்டிய மூல ஃபோல்டரின் பெயரை ஒரு மாலை நான் மாற்றினேன். டெர்மினலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் உடைந்த லிங்க்குகளாகச் சிவப்பில் நின்றன. பெயரைத் திரும்ப மாற்றினால் எல்லாம் உயிர்பெற்றிருக்கும். நான் அதைக் கவனிப்பதற்குள், உடைந்த ஃபைல்கள் என்று நினைத்து ஒருவர் பாதியை அழித்துவிட்டார். எந்தப் படம் எந்தத் தலைப்பில் இருந்தது என்ற தகவல் அந்த லிங்க்குகளில் மட்டுமே இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மீண்டும் பிரித்தோம்.

ஆகவே நான் கெஞ்சிக் கேட்பது இது: பிரிவுகளை ஃபோல்டரில் வைக்காதீர்கள், ஒரு பட்டியலில் வையுங்கள். படத்தின் எண், ஊர், பொருள், தந்தவர்; ஒரு படத்துக்கு ஒரு வரி. அந்தப் பட்டியலைப் படித்து லிங்க்குகளை ஒரு சிறு ஸ்கிரிப்ட் போட்டுக்கொடுக்கும். லிங்க் அழிந்தால் மறுபடி ஓட்டுங்கள். ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ் சோதனைக்குப் பயன்படும், தரவை நிர்வகிக்கும் ரூசியோ மென்பொருளும் இதே வழியில்தான் நடக்கிறது. ஃபைல்கள் டேட்டாசெட்டுகளிலும், அவை கன்டெய்னர்களிலும் அடங்கும். ஒரே ஃபைல் பல டேட்டாசெட்டுகளில் இருக்கலாம், அதற்காகக் காப்பி எடுப்பதில்லை. எந்த நாட்டு டிஸ்க்கில் கிடக்கிறது என்பது தனிக் கணக்கு.

கேள்வி: ஹார்டு லிங்க் போட்ட ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்தால் மறுபடி மூன்று மடங்கு ஆகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: காப்பி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் பெரிய ‘ஹெச்’ ஆப்ஷனைச் சேர்த்தால் லிங்க் லிங்க்காகவே போகும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் அதுவும் உதவாது, அதில் லிங்க்கே கிடையாது. அப்படியானால் படங்கள் உள்ள மூல ஃபோல்டரையும், மேலே சொன்ன பட்டியலையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.