காட்டுச் சாலையில் கைதானவர்கள்

வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கேள்வி: கனடாவின் ஃபேரி கிரீக் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுக்கச் சாலையில் உட்கார்ந்தவர்களை 'நீதிமன்ற அவமதிப்பு' என்று பிடித்தார்களே, நீதிமன்றத்தை அவர்கள் எங்கே அவமதித்தார்கள்?

பதில்: சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. வான்கூவர் தீவில் மரம் வெட்ட உரிமம் வைத்திருந்த டீல் ஜோன்ஸ் நிறுவனம், பாதை மறிக்கப்பட்டதும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண உச்ச நீதிமன்றத்துக்கு (பெயர்தான் உச்சம், அங்கே அது விசாரணை நீதிமன்றம்) போய், பாதையை மறிக்கக் கூடாது என்று 2021 ஏப்ரலில் தடையாணை வாங்கியது. அந்தக் காகிதம் வந்ததும் வழக்கின் முகமே மாறிவிடும். அதுவரை தகராறு நிறுவனத்துக்கும் போராட்டக்காரருக்கும் இடையில். அதன் பிறகு நீதிமன்றத்துக்கும் போராட்டக்காரருக்கும் இடையில். காட்டை வெட்டலாமா என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. 'ஆணை இருப்பது தெரியுமா, தெரிந்தே மீறினாயா' என்பதோடு விசாரணை முடிந்துவிடும். 1993இல் அதே தீவின் கிளேயக்வாட் சவுண்டில் 800க்கும் மேற்பட்டோர் இப்படித்தான் கைதாகி, கூட்டம் கூட்டமாக விசாரிக்கப்பட்டார்கள்.

தடையாணை தரும்முன் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' யாருக்கு என்று நீதிபதி பார்க்க வேண்டும். நிறுவனத்தின் இழப்பு கணக்கில் ஏறியது. அந்தப் பக்கத்துக் காடுகளில் ஆயிரம் வயது தாண்டிய மஞ்சள் சீடர் மரங்கள் உண்டு. அவை ஏறவில்லை, ஏனென்றால் காட்டை என்ன செய்வது என்பது அரசு தீர்மானிக்க வேண்டிய விஷயமாம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். தீர்ப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

களத்தில் நடந்ததையும் சொல்கிறேன். சாலையில் குழி தோண்டி, குழாயைப் புதைத்துச் சிமென்ட் போட்டுவிடுவார்கள். ஒருவர் தரையில் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டு, அடியில் இருக்கும் கம்பியில் சங்கிலியால் மாட்டிக்கொள்வார். கை போகாமல் அவரை எடுக்கப் போலீசுக்கு மணிக்கணக்காகும். மொத்தக் கைதுகள் 1,100ஐத் தாண்டின. பெயர்ப்பட்டை இல்லாத போலீசாரும், பத்திரிகையாளர்களை அருகில் விடாத தடுப்புகளும் நீதிபதி டக்ளஸ் தாம்சனை உறுத்தின. நீதிமன்றத்தின் பெயரிலேயே இதெல்லாம் நடக்கிறது, அதன் மதிப்பு குறைகிறது என்று சொல்லி, 2021 செப்டம்பரில் ஆணையை நீட்டிக்க மறுத்தார். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்துவிட்டது.

ஆனால் 2023இல் ஒருவர் விடுதலையானார். போலீசார் ஆணையை முழுதாக வாசிக்காமல் ஒரு சுருக்கத்தை மட்டும் வாசித்திருந்தார்கள். அதை வைத்து, ஆணை இன்னதென்று அவருக்குத் தெரியும் எனச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். அதைப் பார்த்து அரசுத் தரப்பு வேறு பலர் மீதிருந்த வழக்குகளையும் கைவிட்டது. வழக்கு நின்றாலும் விழுந்தாலும் 'தெரியுமா' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான்.

கேள்வி: போராட்டத்தைத் தடுக்கும் சட்டத்தையே எதிர்த்து யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

பதில்: ஜெயித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2014இல் ஒரு சட்டம் வந்தது. மரம் வெட்டும் இடத்திலிருந்து போராட்டக்காரர்களைப் போலீசார் வெளியேறச் சொல்லலாம், நான்கு நாளைக்கு அவர்கள் திரும்பி வரக்கூடாது. 2016 ஜனவரியில் லபோய்னியா காட்டில் பாப் பிரவுன் கைதானார். முன்னாள் செனட்டர், பசுமைக் கட்சித் தலைவராக இருந்தவர். அவர் மீதான வழக்கை அரசு திரும்பப் பெற்ற பிறகும் அவர் விடவில்லை, அந்தச் சட்டத்தையே எதிர்த்து நாட்டின் உயர் நீதிமன்றத்துக்குப் போனார் (ஆஸ்திரேலியாவில் அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை).

2017 அக்டோபரில் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. காரணத்தைப் பாருங்கள்: சட்டம் 'வணிக இடம்' என்று சொல்லும் பகுதி காட்டுக்குள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? வேலியும் இல்லை, பலகையும் இல்லை. போலீசுக்கே தெரியாத எல்லையை நின்று பேசுகிறவர் எப்படி அறிவார்? அரசியல் கருத்துச் சொல்லும் சுதந்திரத்தை அது அளவுக்கு மீறி நெருக்குகிறது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள்.

லபோய்னியாவில் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே மரம் வெட்டி முடித்துவிட்டார்கள். 2022இல் டாஸ்மேனியா வேறு வார்த்தைகளில் இன்னொரு பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றிவிட்டது.