பின் ஷாஃப்டைத் திரும்ப மாட்டிய பிறகு வரும் அதிர்வு

வணக்கம். பழைய ஜீப்பின் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டை (எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டை) கழற்றி, அதன் முனையில் உள்ள கிராஸை (சிலுவை வடிவ மூட்டை) மாற்றி மாட்டியபின் 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதிர்வதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய கிராஸை உடனே குறை சொல்ல வேண்டாம். ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்லிணைப்பைப் பிரித்தீர்களா? அப்படியானால் என் சந்தேகம் முழுவதும் அங்கேதான். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் இரு கிளைக் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி நுழைந்தாலும் அதிர்வு வரும். இரு பாதியிலும் அம்புக்குறி இருக்கும். கிரீஸைத் துடைத்துப் பாருங்கள், நேருக்கு நேர் வர வேண்டும்.

கழற்றும் முன் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது. பல பழைய ஜீப்களில் கைப்பிரேக் டிரான்ஸ்பர் கேஸின் (சுழற்சியை முன், பின் ஷாஃப்ட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின்) பின்புறம் இருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் அந்தக் கைப்பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது.

கிராஸைப் பிடித்திருக்கும் யூ வடிவ போல்ட்டைத் தளர்த்தியதும், கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கிண்ணங்களை டேப்பால் சுற்றிவிடுங்கள். கிண்ணம் நழுவினால் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் சிதறிவிடும். ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தாலும் கிண்ணம் முழுதாக உட்காராது. மாட்டும்போது யூ போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். கிண்ணம் நசுங்கி கிராஸ் இறுகிவிடும். கையால் அசைத்தால் எல்லாப் பக்கமும் தடையின்றித் திரும்ப வேண்டும்.

அம்புக்குறி சரியாக இருந்தும் அதிர்வு நிற்கவில்லை என்றால், ஷாஃப்டை லேத் பட்டறையில் கொடுத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள்.