இடைவெளி பூஜ்யம், வெளிச்சம் எங்கே?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, எலக்ட்ரானைக் கொடுக்கும் கார்பசோலையும் அதை வாங்கும் பென்சோநைட்ரைலையும் இணைத்து, நடுவே இரண்டு மெத்தில் தொகுதிகளை வைத்து முறுக்கி ஒரு மூலக்கூறு செய்தேன். காசுக்குக் கணினியில் கணக்கிட்டுத் தரும் ஒருவர், சிங்லெட்–ட்ரிப்லெட் என்ற இரு கிளர்நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளி 0.01 எலக்ட்ரான் வோல்ட்தான், தாமத ஒளிர்வு பிரமாதமாக வரும் என்றார். டொலுயீனில் கரைத்தால் மங்கலாகத்தான் ஒளிர்கிறது. மூலக்கூறை மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கரைசலில் ஆர்கான் வாயுவைக் கால் மணி நேரம் விட்டீர்களா? கரைந்திருக்கும் ஆக்சிஜன் ட்ரிப்லெட்டைத் தின்றுவிடும். தாமத ஒளி, ஒளிராத ட்ரிப்லெட்டிலிருந்து ஒளிரும் சிங்லெட்டுக்குத் திரும்பி வரும் ஒளி (இடைவெளி சிறிதானால் திரும்புவது எளிது) என்பதால், காற்றுப் பட்ட கரைசலில் அதைத் தேடிப் பயனில்லை. ஆர்கானுக்குப் பிறகு பளிச்சென்று கூடினால் பாதிக் கவலை தீர்ந்தது.

கூடவில்லையா? அப்போது அந்த 0.01-ஐச் சந்தேகப்படுங்கள். அந்த வகைக் கணக்கின் பிழையே இதைவிடப் பல மடங்கு பெரிது. அப்புறம், இரு பகுதிகளையும் செங்குத்தாகத் திருப்பினால் இடைவெளி சுருங்கும், உண்மைதான். ஆனால் எலக்ட்ரான் ஒரு பக்கம், அது விட்டுவந்த இடம் மறுபக்கம் என்று முழுக்கப் பிரிந்துவிட்டால், திரும்பி வந்து ஒளியாக விழுவதும் அரிதாகிவிடும். கொஞ்சம் மேற்பொருந்தல் வேண்டும். 2012-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு காட்டிய பச்சை மூலக்கூறில் நான்கு கார்பசோல்களும் சுமார் 60 பாகைதான் திரும்பியிருந்தன. இடைவெளி 0.08 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருந்தும், அதை வைத்துச் செய்த ஓ.எல்.ஈ.டி. விளக்கின் வெளிக் குவாண்டம் திறன் (செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு வெளியே வரும் ஒளித்துகள்களின் விகிதம்) 19 சதவீதத்தைத் தாண்டியது. உங்களுக்குக் கணக்குப் போட்டவரிடம் 'ஆசிலேட்டர் ஸ்ட்ரெங்த்' எண்ணை, அதாவது ஒளி எவ்வளவு வலுவாக வரும் என்பதன் அளவைக் கேளுங்கள். அதே கோப்பில்தான் இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், முறுக்கு கொஞ்சம் தளர ஒரு மெத்திலை எடுத்துவிட்டுப் பாருங்கள். இவர்கள் அழகான எண்ணை மட்டும் வெட்டி ஒட்டித் தருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒளி கூடினாலும், அது உங்கள் மூலக்கூறின் ஒளிதானா என்று பார்க்க வேண்டும். கார்பசோல் யாரிடம் வாங்கினீர்கள்? கடையில் விற்கும் கார்பசோலில் ஒட்டியிருக்கும் ஓர் ஐசோமர்தான் (அதே அணுக்கள் வேறு விதமாகக் கோத்த கலப்படம்) பல சேர்மங்களின் நீண்ட ஒளிர்வுக்குக் காரணம் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பின் லியூ (Bin Liu) என்ற ஆய்வாளரின் குழு சில ஆண்டுகளுக்கு முன் காட்டியது. நாமோ மூன்று கொட்டேஷன் வாங்கி, விலை குறைந்தவருக்கே ஆர்டர் தர வேண்டும் என்ற விதியில் சிக்கி, லேபிள் மாற்றி ஒட்டிய பாட்டிலை வாங்குகிறோம். '99 சதவீதம்' என்ற அச்சை நம்பாதீர்கள்; கலப்படத்தைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. போரானும் நைட்ரஜனும் கோத்த தட்டையான மூலக்கூறுகளுக்கு மேலே சொன்ன முறுக்குக் கதை செல்லாது. ஜப்பானிய வேதியியலாளர் ஹதகேயாமா 2016-இல் கொண்டுவந்த வகை அது. அதில் முறுக்கே இல்லை. எலக்ட்ரான் ஓர் அணுவில் என்றால் அது விட்டுவந்த இடம் பக்கத்து அணுவில், ஒன்றுவிட்டு ஒன்றாக, கோலப் புள்ளி போல. அதனால் இடைவெளியும் சிறிது, ஒளியும் வலுவானது, நிறமும் சுத்தமானது: ஒளிப் பட்டையின் அகலம் (பாதி உயரத்தில்) 28 நானோமீட்டர்தான். வழக்கமான கணக்கு முறை இவற்றின் இடைவெளியை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். அதை நம்பி நல்ல மூலக்கூறைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. உங்களுடையது இந்த வகை இல்லை. யாராவது 'போரான் சேர்த்தால் போதும்' என்றால் கேட்காதீர்கள். தட்டையாக, இறுக்கமாக, சரியான இடத்தில் கோத்தால்தான் அது வேலை செய்யும்.

ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்க்கும் ஆயுட்கால அளவீட்டுக்கு இன்றே ஸ்லாட் போட்டுவிடுங்கள். மைக்ரோ நொடிகளில் மறையும் ஒளியை அளக்க மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள். போகும்போது நைட்ரஜன் இருக்கும், ஆர்கான் இருக்கும் என்று நம்பாமல், கரைந்த ஆக்சிஜனை நீக்கி மூடிய குவெட்டைக் (கரைசல் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியை) கையோடு கொண்டுபோங்கள்.