லைகர் முகமூடி: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஜப்பானிய மல்யுத்தத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் கொம்பு வைத்த முகமூடியோடு ஆடிய ஜூஷின் தண்டர் லைகரைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். வந்ததில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பிடித்த இடங்களில் நீட்டி முழக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, இந்த ஆளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. முகமூடிக்குள் யார்?

கெய்ச்சி யமாடா. 1964 நவம்பர் 10 அன்று ஹிரோஷிமாவில் பிறந்தவர். இது ஊரறிந்த ரகசியம். ஆனால் ஜப்பானில் இரண்டு பேரையும் ஒரே ஆளாகப் பேசுவது மரியாதை இல்லை. லைகர் வேறு, யமாடா வேறு. யமாடா எங்கே போனார் என்று கேட்டால், 'லிவர்பூலின் காற்றாகிவிட்டார்' என்று ஒரு பதில் அங்கே வெகு காலமாகப் புழங்குகிறது. இளைஞராக இருந்தபோது இங்கிலாந்தில் ஆடப் போனாரே, அதை வைத்து வந்த வேடிக்கை.

கேள்வி: குள்ளமாக இருப்பதால் சேர்க்க மாட்டோம் என்று விரட்டிவிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. நியூ ஜப்பான் என்ற மல்யுத்தக் கம்பெனியில் சேர 180 செ.மீ. உயரம் வேண்டும் என்று விதி இருந்தது. யமாடா சுமார் 170. பள்ளியில் மல்யுத்தம் பயின்றவர், தட்சுமி ஃபுஜினாமி என்ற மல்யுத்த வீரரின் வெறித்தனமான ரசிகர். அதெல்லாம் அளவுகோலுக்குத் தெரியுமா? சட்டென்று மெக்சிகோவுக்குப் போய்விட்டார். அங்கே ஆள் குட்டையாக இருப்பது குறையே இல்லை. கையில் காசில்லாமல், சரியான சாப்பாடில்லாமல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவரை, அந்தப் பக்கம் வந்த நியூ ஜப்பான்காரர்கள் பார்த்து, இவ்வளவு பிடிவாதம் இருக்கிறவனை விடக்கூடாது என்று தங்கள் டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், இடம் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் 1984 மார்ச் 3.

எனக்கு இதில் பிடித்தது பின்னால் நடந்ததுதான். 100 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கான ஜூனியர் ஹெவிவெயிட் பிரிவு, பெரியவர்கள் வருவதற்கு முன் கூட்டத்தைச் சூடேற்றும் பிரிவாக நின்றுபோயிருக்கலாம். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்தான் அதைத் தனியாக டிக்கெட் விற்கும் பிரிவாக மாற்றினார்.

கேள்வி: முகமூடி ஒரு கார்ட்டூனுக்கான விளம்பரம்தானே? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஆமாம், விளம்பரம்தான். கோ நாகாய் உருவாக்கிய 'ஜூஷின் லைகர்' என்ற தொடர் 1989 மார்ச்சில் தொலைக்காட்சிக்கு வந்தது. ஜூஷின் என்றால் மிருக தெய்வம். லைகர், சிங்கமும் புலியும் கலந்த குட்டி. அந்த ஏப்ரல் 24 அன்று டோக்கியோ டோமில் நியூ ஜப்பான் முதல் முறையாக நிகழ்ச்சி நடத்தியபோது, அதே பெயரில், அதே உருவத்தில் ஒருவர் இறங்கி குனியாகி கோபயாஷியை வென்றார். தொடரின் முகப்புப் பாட்டுதான் அவருக்கும் நுழைவுப் பாட்டு, கடைசி நாள் வரைக்கும். தொடரில் கதாநாயகன் சக்தி கூடி 'ஃபயர் லைகர்' ஆனால் இவரும் ஃபயர் லைகர். அது 'தண்டர் லைகர்' ஆனால் இவரும் தண்டர் லைகர்.

தொடர் 1990 ஜனவரியில் முடிந்துவிட்டது, ஓராண்டுகூட ஓடவில்லை. சரக்கு போன பிறகு விளம்பரப் பலகை மட்டும் 30 ஆண்டு நின்றது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைக்கு அந்தக் கார்ட்டூனைத் தேடிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேராவது இவரால்தான் தேடுகிறார்கள் என்பது என் ஊகம்.

கேள்வி: டைகர் மாஸ்க்தானே முன்னோடி? லைகர் அதன் காப்பி என்று என் நண்பன் சண்டை போடுகிறான்.

உங்கள் நண்பர் பாதி சரி. கார்ட்டூன் முகமூடியை வளையத்துக்குள் கொண்டுவருவது என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. 1981 ஏப்ரல் 23 அன்று சடோரு சயாமா டைகர் மாஸ்க்காக இறங்கி டைனமைட் கிட்டோடு ஆடியதும் நாடே பைத்தியமாகிவிட்டது. ஆனால் சயாமா 1983-லேயே விலகினார். அப்புறம் அந்த முகமூடி கை மாறியது: இரண்டாமவர் மிட்சுஹாரு மிசாவா, மூன்றாமவர் கோஜி கனெமோட்டோ, பிறகு நான்காமவர். டைகர் மாஸ்க் ஒரு பதவி, ஆள் மாறலாம். லைகர் அப்படி இல்லை. ஒரே ஆள்தான் கடைசி வரை போட்டார்.

கேள்வி: எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

யார் ஜெயிப்பது என்று பேசி வைத்ததுதான், அதை மறைப்பதற்கில்லை. கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? எப்படிச் சாகிறான் என்பதுதான் ஆட்டம். கீழே விழும் முதுகும் உடையும் எலும்பும் மட்டும் நிஜம்.

கேள்வி: ஷூட்டிங் ஸ்டார் பிரஸ்ஸைக் கண்டுபிடித்தவர் இவரா? அது ஏன் அவ்வளவு ஆபத்து என்கிறார்கள்?

இவர்தான், அதுவும் முகமூடி போடுவதற்கு முன்பே, யமாடாவாக. மேல் கயிற்றில் எதிராளியைப் பார்த்தபடி நின்று, முன்னால் தாவிக்கொண்டே பின்பக்கமாக ஒரு பல்டி அடித்து, கீழே கிடப்பவர் மேல் நெஞ்சு படிய விழ வேண்டும். உடம்பு முன்னால் போகிறது, சுழற்சி பின்னால் போகிறது. சாதாரணப் பல்டியில் இரண்டும் ஒத்துப்போகும், இதில் ஒன்றுக்கொன்று எதிர். சுழற்சி கொஞ்சம் குறைந்தால் தலைதான் முதலில் தரையில் இறங்கும். 2003-ல் அமெரிக்காவின் ரெசில்மேனியா நிகழ்ச்சியில் பிராக் லெஸ்னருக்கு நடந்தது அதுதான், பார்த்தவர்களுக்கு இன்னும் கழுத்து வலிக்கும். லைகரே பின்னாளில் அதை விட்டுவிட்டு, உள்ளங்கையால் தாடையில் அறையும் ஷோட்டே, தூக்கி உட்கார்ந்தபடி அடிக்கும் லைகர் பாம் என்று தரைக்குப் பக்கத்தில் ஆட ஆரம்பித்தார். 55 வயது வரை தாக்குப்பிடித்ததற்கு அந்த மாற்றம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு நிகழ்ச்சிதான் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கட்டும்?

1994 ஏப்ரல் 16, ரியோகோகு சுமோ அரங்கம், முதல் சூப்பர் ஜே-கப்.

லைகர் முன்னின்று நடத்தியது. வெவ்வேறு கம்பெனிகளின் ஜூனியர்களைக் கூப்பிட்டு, ஒரே இரவில் நாக்-அவுட். அன்றைய சூழ்நிலையில் ஒரு கம்பெனி ஆள் இன்னொரு கம்பெனி ரிங்கில் கால் வைப்பதே பெரிய செய்தி. சிறிய கம்பெனிகளில் ஆடிக்கொண்டிருந்த ஹயபுசா, கெடோ, கிரேட் சஸுகே எல்லாரையும் பெரிய கூட்டம் முதல் முறை கண்ணால் பார்த்தது அங்கேதான். லைகர் முதல் சுற்றில் ஹயபுசாவையும் அடுத்ததில் ரிக்கி ஃபுஜியையும் தாண்டி, அரையிறுதியில் சஸுகேயிடம் வந்தார்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். சஸுகே வெளியிலிருந்து மேல் கயிற்றில் ஏறிப் பாயப் போகிறார், கால் வழுக்கி உள்ளே விழுகிறார். அரங்கமே 'ஐயோ' என்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் நடக்காதது மாதிரி அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள். லைகர் என்ன செய்தார் தெரியுமா? நின்று நிதானமாகக் கை தட்டினார். 'பிரமாதம் தம்பி' என்கிற மாதிரி, கேலியாக. கூட்டம் சிரித்தது. அந்தத் திமிர் அடங்குவதற்குள் சஸுகே எழுந்து தாவி, அவர் கழுத்தைக் காலால் பின்னிச் சுருட்டி, தோளை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தது.

வழுக்கலை ஒரே நொடியில் கதையாக்கினார் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தத் தோல்வி ஆணவத்துக்கு விழுந்த அடியாகிவிட்டது, சஸுகே வீரனாகிவிட்டார். தன் வீட்டு விசேஷத்தில் விருந்தாளியை மாப்பிள்ளை ஆக்கி அனுப்பினார் என்று சொல்லலாம். இறுதியில் சஸுகேயை வென்று கோப்பையை எடுத்தவர் வைல்ட் பெகாசஸ் என்ற பெயரில் ஆடிய கிறிஸ் பென்வா. லைகர் பிறகு 1995, 2000 இரண்டிலும் அதே கோப்பையை வென்றார், ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் தோற்ற 1994-ஐத்தான்.

(இந்த சஸுகே 2003-ல் இவாதே மாகாண சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, முகமூடியோடே சபைக்குப் போனார். அது தனிக் கச்சேரி.)

கேள்வி: முகமூடியை யாராவது கிழித்திருக்கிறார்களா? கிழித்தால் ஆட்டம் போச்சா?

மெக்சிகோவில் முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றால் போச்சு, முகத்தையும் பெயரையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். லைகர் அப்படி இழந்ததில்லை. கிழிபட்டது உண்டு. 1990 ஜனவரி 31, ஒசாகாவில் நவோகி சானோ அவர் முகமூடியைக் கிழித்து ரத்தம் காண வைத்தார். இரண்டு பேரும் ஒன்றாக டோஜோவில் வளர்ந்தவர்கள். முந்தைய ஆகஸ்டில் லைகரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவரும் சானோதான். அன்று லைகர் அதை மீட்டார். சானோவின் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

இன்னொன்று 1996 அக்டோபர் 20, கோபே. கிரேட் முட்டா முகமூடியைக் கிழித்தார். கிழித்தால் யமாடாவின் முகம் தெரியும் என்றுதானே நினைப்போம்? உள்ளே வெள்ளை பூசிய ஒரு பேய் முகம். பெயர் கிஷின் லைகர், பேய்த் தெய்வம். எப்போதாவது, எல்லை மீறிச் சீண்டினால் மட்டுமே அது வெளியே வரும். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்திருக்கிறது.

கேள்வி: மூளையில் கட்டி வந்தது என்று படித்தேன். அது கதையா நிஜமா?

நிஜம். 1996 ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. மேலே சொன்ன கோபே ஆட்டத்தின் தேதியை இன்னொரு தரம் பாருங்கள், எனக்கு அது இன்றும் பிடிபடவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1994 செப்டம்பரில் கால் முறிந்து நீண்ட நாள் படுத்திருந்தார். மூளையில் கை வைத்த சில மாதங்களிலேயே, 1997 ஜனவரி 4 அன்று, அல்டிமோ டிராகனிடமிருந்து எட்டு சாம்பியன் பெல்ட் சேர்ந்த ஜே-கிரவுன் பட்டத்தை வென்றார்.

கேள்வி: நான் ரே மிஸ்டீரியோ ரசிகன் அண்ணா. லைகரோடு மோதியிருக்கிறாரா?

அண்ணா இல்லை தம்பி, அக்கா. 1996 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் மோதினார்கள், லைகர் வென்றார். வருத்தப்படாதீர்கள். அமெரிக்காவில் லைகரின் பெயர் நிலைத்தது பிரையன் பில்மன் என்ற வீரரோடு ஆடிய ஆட்டங்களால். 1995 செப்டம்பர் 4 அன்று நைட்ரோ என்ற தொலைக்காட்சி மல்யுத்த நிகழ்ச்சி ஒரு வணிக வளாகத்தில் தொடங்கியபோது முதல் ஆட்டமே இவர்கள் இரண்டு பேருக்கும்தான், அதில் பில்மன் ஜெயித்தார்.

கேள்வி: எத்தனை தடவை சாம்பியன்?

நியூ ஜப்பானின் ஜூனியர் பட்டமான ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் பட்டம் 11 தடவை. ஜூனியர்களுக்கான சூப்பர் ஜூனியர்ஸ் போட்டியை வென்றது 1992, 1994, 2001-ல்.

கேள்வி: நிஜச் சண்டையில் அடி வாங்கினார் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே?

2002 நவம்பர், பேசி வைக்காத நிஜச் சண்டை நடத்தும் பான்கிரேஸ் அமைப்பில். எதிரே மினோரு சுசுகி. அவரும் நியூ ஜப்பான் டோஜோவில் தொடங்கி, பிறகு நிஜச் சண்டைக்குப் போய் அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். வேறொருவர் ஆட வேண்டியது, அவர் வராததால் லைகர் போனார். இரண்டு நிமிடத்துக்குள் கழுத்து நெரிபட்டுத் தோற்றார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 38 வயதில், பழக்கமில்லாத விளையாட்டில், முகமூடியோடு போய் நின்றார்.

2019-ல் ஓய்வு அறிவித்த பிறகு அதே சுசுகி அவரைச் சீண்டி, முகமூடியைக் கிழித்து, கிஷினை வெளியே வரவழைத்தார். அக்டோபர் 14 அன்று ரியோகோகுவில் முடிவுக்கட்டினார்கள். சுசுகி வென்றார். நாற்காலியைக் கையில் எடுத்தார், இன்னும் அடிக்கப் போகிறார் என்று எல்லாரும் பதறும்போது அதை வீசி எறிந்துவிட்டு, கிடந்தவர் முன்னால் குனிந்து வணங்கினார். அந்த மனிதர் யாரையும் வணங்கி நான் பார்த்ததில்லை.

கேள்வி: கடைசி ஆட்டத்தில் ஜெயித்தாரா? இப்போது முகமூடியைக் கழற்றிவிட்டாரா?

தோற்றார், இரண்டு நாளும். 2020 ஜனவரி 4, 5, இரண்டும் டோக்கியோ டோமில். முதல் நாள் அவர் பக்கம் நின்றவர்களில் சிறுவயதில் இவர் கும்பிட்ட ஃபுஜினாமி ஒருவர், 1994-ல் இவர் கை தட்டிக் கேலி செய்த அந்த சஸுகே இன்னொருவர். இரண்டாம் நாள் கூட்டாளி, 30 ஆண்டு முன்பு முகமூடியைக் கிழித்த சானோ. எதிரே ஹிரோமு தகஹாஷி, ரியூ லீ. ஹிரோமு அவரைச் சாய்த்து மூன்று எண்ண வைத்தார். போகிறவர் வருகிறவரிடம் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலின் வழக்கம்.

முகமூடியா? வர்ணனையாளர் மேசையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, கொம்பு ஆட ஆடப் பேசிக்கொண்டிருக்கிறார்.